ஏரிக்கு முதுகு காட்டும் பன்னிரண்டு பெஞ்சுகள்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், கதை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. எங்கள் தலைவரம்மா இருபத்தெட்டு வருடம் நகராட்சித் தலைவராக இருந்துவிட்டு இந்த வாரம் ஓய்வு பெறுகிறார். பாராட்டு விழாவில் வாசிக்க இரண்டு பக்கம் எழுதித் தா என்றார்கள். நான் அதே அலுவலகத்தில் எழுத்தர். இருபது வருடமாக மன்றக் கூட்டக் குறிப்பு எழுதுகிறவன். ‘இவர் கேட்டார், அவர் மறுத்தார், தீர்மானம் நிறைவேறியது’ என்பதைத் தாண்டி என் பேனா போனதில்லை.

இருந்தும் ஆரம்பித்தேன்:

‘தன்னலமற்ற, ஓய்வறியாத, மக்கள் மனதில் நீங்கா இடம்...’

(அடித்துவிட்டேன். ஓய்வறியாதவராம்! மதியம் இரண்டு மணிக்கு மேசையில் தலைசாய்த்துக் கால் மணி நேரம் அவர் தூங்குவது ஊருக்கே தெரியும்.)

2

அடித்த தாளைத் தலைவரம்மா பார்த்துவிட்டார். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு சொல் விடாமல் படித்தார்.

"யாருப்பா இந்தம்மா? எனக்கே ஒரு தடவை பாக்கணும்போல இருக்கு."

பிறகு நிபந்தனை போட்டார்.

"நான் செஞ்ச தப்பு ஒண்ணாவது இதுல இருக்கணும். நிஜமான தப்பு. இல்லேன்னா நான் வரமாட்டேன்."

வரமாட்டேன் என்றால், நாம் தலைகீழாக நின்றாலும் வரமாட்டார். மண்டபம் சொல்லியாயிற்று, நாற்காலிகள் வந்து இறங்கியாயிற்று. ஆளே இல்லாமல் யாரைப் பாராட்டுவது?

3

தப்புத் தேடி ஊர் சுற்றினேன். முடிதிருத்துபவர், கையில் கத்தரியோடு, உடனே குறை சொன்னார். தெருக்குழாய் உடைந்துவிட்டது என்று இவர் ஒரு வார்த்தை சொல்லப்போக, மறுநாள் காலை ஆறு மணிக்குத் தலைவரம்மா பிளம்பரோடு வந்து கதவைத் தட்டிவிட்டாராம். குழாய் சரியானதா என்று கேட்டேன். சரியானது, ஆனால் தூக்கம் போனது போனதுதானே என்றார். தையல்கடைக்கார அம்மாவோ, விளக்கு எரியவில்லை என்று சண்டைக்குப் போனவர், வார்டு குழுவில் உறுப்பினராகித் திரும்பியிருக்கிறார். இதையெல்லாம் தப்பு என்று எழுதினால் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

கடைசியில் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள். பெஞ்சைப் பற்றி எழுதுங்கள் என்று.

4

ஏரிக்கரையில் பன்னிரண்டு சிமெண்ட் பெஞ்சுகள். உட்கார்ந்தால் ஏரி தெரியாது, சாலைதான் தெரியும். போட்ட புதிதில் ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. மன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, இது எந்த மடையன் செய்த வேலை, அவனை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கத்தினார். தலைவரம்மா எழுந்தார்.

"நான்தான் அப்படிப் போடச் சொன்னேன்."

குறிப்பில் அப்படியே எழுதினேன். ஆக, தப்பு கிடைத்துவிட்டது, அவரும் வந்துவிடுவார், சுபம். நியாயமாக இந்தக் கதை இங்கே முடிய...*

*முடியவில்லை. மன்னிக்கவும்.

5

"என்னங்க, ஒரு மணி நேரமா அதே வரியில நிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

இருபது வருடமாக யாரிடமும், பிறகு வந்த அவளிடம்கூட, சொல்லாததைச் சொன்னேன். பெஞ்சு போட்டபோது நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம், நிரந்தரமும் ஆகவில்லை. பெஞ்சு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கொத்தனார் கேட்டபோது, வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் என்று மிடுக்காகக் கை காட்டியவன் நான். சிமெண்ட் இறுகிய பிறகுதான் தெரிந்தது. தலைவரம்மா வந்தார், பெஞ்சைப் பார்த்தார், என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். திரும்பி நடந்தார். மறுநாள்தான் அந்தக் கூட்டம்.

மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அப்போ அது அவங்க தப்பே இல்லையே."

அதுதான் சிக்கல். உண்மையை எழுதினால் அவர் தப்பு ஒன்றும் மிஞ்சாது, அவர் வரமாட்டார். எழுதாவிட்டால் வருவார், நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

அவள் சிரிக்க இன்னொரு காரணமும் உண்டு. கல்யாணத்துக்கு முன்பு, அந்த வரிசையின் மூன்றாவது பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் சாலையில் நடந்துபோனாள். பெஞ்சு ஏரியைப் பார்த்திருந்தால் நான் கொக்கைத்தான் பார்த்திருப்பேன். நான் மட்டுமில்லை, போகிறவரும் உட்கார்ந்திருப்பவரும் பேசிப் பேசியே இந்த ஊர் ஊரானது. பிறகு ஒரு பொறியாளர் பெஞ்சுகளைத் திருப்பிப் போட வந்தபோது, வேண்டாம் என்று ஊரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

6

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் நான் வாயை மூடிக்கொள்கிறேன். இரண்டாவதில் காலி நாற்காலியைப் பார்த்து அழுகிறேன். இரண்டையும் கிழித்த பிறகு மனைவி சாவகாசமாகக் கேட்டாள்.

"மன்றத்துல பொய் சொன்னாங்களே, அது யாரு தப்பு?"

துள்ளி எழுந்தேன். நான் எழுதிய அத்தனை குறிப்புகளிலும் அவர் சொன்ன ஒரே பொய்! இப்படி எழுதினேன்:

‘பெஞ்சுத் தப்பு என்னுடையது. தலைவரம்மாவின் தப்பு, எனக்காக மன்றத்தில் பொய் சொன்னது. அந்தப் பொய்யில்தான் என் குடும்பம் இருபது வருடம் சாப்பிட்டது. அம்மா, உங்களுக்கு நன்றி.’

7

இந்தப் பகுதியை மட்டும் மேடையில் உட்கார்ந்து எழுதினேன். ஆம், இவ்வளவு நேரம் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது அந்த இரண்டு பக்கம்தான், கொஞ்சம் நீண்டுவிட்டது. மற்றதையெல்லாம் காலையிலேயே அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். பதில் வரவில்லை. முன்வரிசையில் அவருக்குப் போட்ட நடு நாற்காலி இன்னும் காலியாக இருக்கிறது.

அவர் வீட்டிலிருந்து மண்டபத்துக்கு வரும் வழியில்தான் அந்தப் பன்னிரண்டு பெஞ்சுகளும் இருக்கின்றன. எதிலாவது யாராவது அவரைப் பிடித்து உட்கார வைத்திருக்கலாம். அல்லது கோபமாகவும் இருக்கலாம்.

எனக்குக் கண் கலங்கியிருக்கிறது, இங்கிருந்து வாசல் சரியாகத் தெரியவில்லை. கடைசி வரிசையில் இருக்கும் நீங்கள் கொஞ்சம் திரும்பிப் பார்த்து, யார் வருகிறார்கள் என்று உரக்கச் சொல்லுங்கள். குறிப்பில் எழுத வேண்டும்.