பதினோரு மாதப் பால்

ஜொஹரா வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். தலத்தெருவில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இரண்டுக்கும் சொந்தக்காரர் விழிதியூர் தெட்சிணாமூர்த்தி. நான் ஆணி அடித்தால் கட்டடத்துக்குச் சேதம் என்பார், அவள் அடித்தால் வாயைத் திறக்க மாட்டார்.

பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவர் புது ஒப்பந்தம் எழுதுவார். அன்று காலை சாமான்களையெல்லாம் வாசலில் இறக்கிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். மத்தியானம் திரும்ப வாங்கி, புதிதாகக் குடிவந்தவள்போல் பால் காய்ச்ச வேண்டும். பழைய குடித்தனக்காரர் என்று யாரும் உரிமை பேசிவிடக் கூடாதாம். இந்த ஆறு வருடத்தில் ஆறு தடவை காய்ச்சிவிட்டேன்.

எனக்குப் பிறகு வந்த ஜொஹரா முதல் தடவையே மாட்டேன் என்றுவிட்டாள். புருஷன் துபாயில். தனியாகவே வாடகைக் கோர்ட்டுக்குப் போய், காரணமில்லாமல் காலிசெய்யச் சொல்லக் கூடாது என்று உத்தரவு வாங்கிவந்தாள். அந்தப் பயத்தில் வீட்டுக்காரர் அவள் கூரை ஓடுகளையும் மாற்றிக் கொடுத்தார். ஐப்பசி மழைக்கு என் வீடு ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. நல்ல குடித்தனக்காரி என்று பெயர் வாங்கிய நான் அண்டாவை நகர்த்தி நகர்த்தி வைத்தேன்.

அவள் நாத்தனார் ஹஃபீஸா வந்து தங்கியதும் எனக்கு வழி கிடைத்தது. குடியிருப்பவள் உள்வாடகைக்கு விட்டால், அந்தக் காரணத்தைச் சொல்லியே காலிசெய்ய வைக்கலாம். ஹஃபீஸா ஒரு வருடமாக ஜொஹராவுக்கு வாடகை கொடுத்துக் குடியிருக்கிறாள், என் கண்ணால் பார்த்தேன் என்று வீட்டுக்காரரிடம் நானே போய்ச் சொன்னேன். நான் எதையும் பார்க்கவில்லை. அவர் வழக்குப் போட்டார், என்னைச் சாட்சியாக்கினார்.

கூண்டில் ஏறியதும் ஜொஹராவின் வக்கீல், நான் அங்கே குடிவந்து எவ்வளவு காலம் என்று கேட்டார். தெட்சிணாமூர்த்தி மறைவாக நாலு விரலைக் காட்டினார். கடைசி ஒப்பந்தப்படி நாலு மாதம்தான். ஆனால் நாலு மாதக்காரி ஒரு வருடத்து விஷயத்தை எப்படிப் பார்த்திருப்பாள்? எதிரே ஜொஹரா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் மட்டும்தான் பழைய குடியா?

"ஆறு வருஷமா இருக்கேங்க. அவங்களுக்கு முன்னாடியே வந்தவ நான்," என்றேன்.

நீதிபதி ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டிக் கேட்டார். பால் காய்ச்சிய கதை முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். வக்கீல் மேலும் குடைந்ததில், வாடகை கைமாறியதை நான் பார்க்கவேயில்லை என்பதும் வெளிவந்தது. வழக்கு தள்ளுபடியாயிற்று.

வெளியே ஜொஹரா திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"நீங்க ஆறு வருஷமா குடியிருக்கிறது கோர்ட்டு ரிக்கார்டுல ஏறிடுச்சுக்கா," என்றாள். "இனிமே ஒங்களையும் சும்மா காலிபண்ணச் சொல்ல முடியாது. அந்த ஒழுகலுக்கு ஒரு மனு போடுங்க."

அடுத்த பதினோராம் மாதம் நான் சாமான்களை இறக்கவில்லை. தெட்சிணாமூர்த்தி கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இந்த உரிமையும் அவளால் வந்ததாகிவிட்டதே என்றுதான் வயிறு எரிந்தது. சுத்தியலைத் தேடி எடுத்து நடுச்சுவரில் ஓர் ஆணி அடித்தேன், அவள் பக்கம் நன்றாகக் கேட்கும்படி.