கதவுக்குள் விழுந்த நாடா

அன்று காருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள்: அவன். அவன் பெண்டாட்டி. பெண்டாட்டியின் தம்பி, தொழில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர். மாடிவீட்டு ரிட்டயர்ட் சார். இவர் பக்கத்தில் இல்லை, மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார், ஆனால் யோசனை சொல்ல அந்த உயரம் அவருக்கு ஒரு தடையாக இருக்கவில்லை. பிறகு கார். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். இருபத்திரண்டு வயது. பெண்டாட்டியைத் தவிர, அந்த வீட்டில் இன்னும் ஒழுங்காக வேலைக்குப் போய்வந்தது அது ஒன்றுதான்.

அவன் வேலையை விட்டுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. இது அங்கே இருந்தவர்களில் அவனுக்கும் காருக்கும் மட்டும் தெரியும்.

பார்சல் கிடங்கில் ஆறு வருட ராத்திரி ஷிஃப்ட். ஒருநாள் பாதி ஷிஃப்ட்டில் கையிலிருந்த ஸ்கேனரை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தான். யாரோடும் சண்டையில்லை. காரணம் கேட்டால் சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லாததால்தான் வீட்டில் சொல்லவுமில்லை. சாயங்காலம் ஆறரைக்கு வழக்கம்போல் டிபன் பாக்ஸோடு கிளம்பி, பூட்டிக் கிடக்கும் கடை வரிசைக்குப் பின்னால் காரை நிறுத்தி, முன் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்வான். காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்கு வந்து சேர்வான். அவள் சலவைக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு இஸ்திரி போடுபவள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது கால் மணி நேரம். கால் மணி நேரத்துக்குப் பொய் சொல்வது பெரிய கஷ்டமில்லை.

கஷ்டம் கதவால் வந்தது. டிரைவர் பக்கக் கதவின் பூட்டுக் குமிழை அழுத்தினால் உள்ளே போகும், ஆனால் கொஞ்ச நேரத்தில் தானாக மேலே எழும்பிவிடும். நாலாம் நாள் ஒரு குடிகாரன் கதவைத் திறந்து, "தள்ளி உக்காருப்பா, ஸ்டேஷனுக்குப் போகணும்" என்று அவன் மடியிலேயே உட்காரப் பார்த்தான். அவனைக் கிளப்பி அனுப்புவதற்குள் போதும்போதும் என்றாகிவிட்டது. மறுநாள் வீட்டுக் கொடியிலிருந்து கைக்குக் கிடைத்த ஒரு நாடாவை உருவிக்கொண்டு போனான். குமிழைக் கீழே அழுத்தி, அதன் கழுத்தில் நாடாவை முடிச்சுப் போட்டு, மறுமுனையைக் கதவின் உள் கைப்பிடியில் இழுத்துக் கட்டிக்கொண்டு தூங்கினான். நாலு நாள் நன்றாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை விடியற்காலை அவசரத்தில் அவிழ்க்காமல் ஒரே இழுப்பாக இழுத்தான். குமிழ் கையோடு வந்துவிட்டது. குமிழின் கம்பி கோணிக்கொண்டு கதவுக்குள்ளே இறங்கியது. முடிச்சும் அதோடு போயிற்று. தகர விளிம்பில் நாடா அறுந்து பாதி கையில் நின்றது, பாதி உள்ளே.

கையிலிருந்த பாதியைச் சாக்கடையில் போட்டான். உள்ளே போன பாதி, இப்போது தம்பி கதவைப் பிரித்தால் வெளியே வந்துவிடும்.

"விடு மாப்ள," என்றான் மூன்றாம் முறையாக. "பழைய வண்டி. பூட்டினா என்ன, பூட்டாட்டி என்ன? இத யாரு தூக்கிட்டுப் போவா?"

"தூக்கிட்டுப் போகலேன்னாலும் உள்ள உக்காருவான் மாமா," என்றான் தம்பி, திருப்புளியை வாயில் கவ்விக்கொண்டே. "அக்கா ஃபோன் போட்டு அழாத குறையா சொல்லுச்சு."

"நான் எங்கடா அழுதேன்?" என்றாள் அவள். படியில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுக்கு உட்காரக் கிடைக்கும். "மார்க்கெட்ல நிறுத்தினா சாவி சும்மா சுத்துது, அத வந்து பாருன்னேன்."

"சாவியை மாத்திப் பாருங்க," என்றது மாடி.

"சாவி நல்லாருக்கு சார். நீங்க கொஞ்சம் அப்படியே நில்லுங்க, நிழல் நல்லா விழுது."

தம்பி வேலையில் கெட்டிக்காரன். கைவைக்கும் கட்டையில் இரண்டு திருகு, உள் கைப்பிடியில் ஒன்று, கண்ணாடி சுற்றும் கைப்பிடியின் பின்னால் ஒளிந்திருந்த கவ்வி ஒன்று. ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே பழைய செய்தித்தாளில் வைத்தான். பிறகு கதவின் உள் அட்டைக்கு அடியில் தோசைத் திருப்பி மாதிரி ஒரு தகட்டைச் செருகி நெம்பினான். டக், டக், டக். ஒவ்வொரு டக்குக்கும் பக்கத்தில் நின்ற மாமாவின் தோள் ஒரு தடவை குலுங்கியது.

"என்ன மாமா, பல் பிடுங்கற மாதிரி முழிக்கறீங்க? ராத்திரி தூங்கலையா?"

"ராத்திரி எங்கடா தூங்குவாரு?" என்றாள் அவள். "ராத்திரிதானே அவருக்கு வேலை."

அவன் பேச்சை மாற்ற வழி தேடினான். மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்லிப் பார்க்கலாமா என்று வானத்தைப் பார்த்தான். ஒரு மேகம் இல்லை. அந்த விஷயத்திலும் அவனுக்கு அதிர்ஷ்டம் கிடையாது.

"டார்ச்ச பிடிங்க மாமா."

பிடித்தான். தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிப்பது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் இனி அவனால் விவரமாகச் சொல்ல முடியும். தம்பி பிளாஸ்டிக் தாளை உரித்துத் துளைக்குள் கையை விட்டபோது, வெளிச்சத்தைக் கீழே, கண்ணாடி இறங்கும் பக்கமாகக் காட்டினான்.

"அங்க இல்ல, மேல."

மேலே காட்டினான், கொஞ்சம் இடது தள்ளி.

"மாமா, நீங்க என்ன எனக்கு ஊர் சுத்திக் காட்டறீங்களா? பூட்டு இந்தப் பக்கம் இருக்கு."

"எண்ணெய் விடுங்க, சரியாயிடும்," என்றது மாடி.

தம்பி டார்ச்சைப் பிடுங்கித் தானே வாயில் கவ்விக்கொண்டான். அரை நிமிடம் துளைக்குள் துழாவினான். பிறகு, "ம்ம்?" என்றான். டார்ச்சைக் கையில் எடுத்தான்.

"அக்கா, கம்பி வளைஞ்சிருக்கு. திருட வந்தவன் வெளியிலேர்ந்து கம்பிய விட்டு நெம்பினா மேலாக்க வளையும். இது சீட்டுப் பக்கமா, கீழ இழுத்து வளைஞ்சிருக்கு. உள்ள உக்காந்தவன் இழுத்தது. ஒரு நாள் வேல இல்ல இது, தினம் இழுத்திருக்கான்."

"யாரு?"

"யாரோ உங்க கார்ல ஏறி, கதவக் கட்டிக்கிட்டு, ஜம்முனு தூங்கியிருக்கான். இரு, என்னமோ சுத்திக்கிட்டு இருக்கு." விரலை மடக்கி இழுத்தான். "தோ பாரு."

நீல நாடா. ஒரு சாண் நீளம், நுனி பிசிறு தட்டி, நடுவில் இறுகிப்போன முடிச்சு.

"போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லி வைக்கறது நல்லது," என்றார் ரிட்டயர்ட் சார். மத்தியானம் முழுக்க அவர் சொன்னதில் கொஞ்சமாவது யோசனை என்று சொல்லத்தக்கது அதுதான்.

அவள் படியிலிருந்து எழுந்துவந்தாள். முழங்கால் பிடித்துக்கொண்டதால் எழுவதற்கு நேரமாயிற்று. நாடாவை வாங்கி முடிச்சைப் புரட்டிப் பார்த்தாள். கிடங்கில் மூட்டைக்குப் போடும் முடிச்சு அது. வீட்டில் குப்பைப் பையிலிருந்து தலையணை உறை வரைக்கும் அவன் அந்த ஒரு முடிச்சுதான் போடுவான், அவள் நகம் உடைய அவிழ்ப்பாள். அவன் தரையைப் பார்த்தான். செய்தித்தாள்மேல் திருகுகள் வரிசையாகக் கிடந்தன. எண்ணினான். மூன்று.

"இது என்னோடது," என்றாள் அவள். "பாவாடை நாடா. கொடியிலேர்ந்து விழுந்திருக்கும்."

"விழுந்து, கண்ணாடி இடுக்கு வழியா உள்ள போயி, கம்பில முடிச்சும் போட்டுக்கிச்சா?"

"ஆமா."

தம்பி அக்காவைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். பத்து வருடமாக வீடு வீடாகப் போய் ஃப்ரிட்ஜைத் திறப்பவன் அவன். எந்த வீட்டில் எதைப் பார்த்தாலும் பார்க்காத முகத்தோடு கேஸ் அளவைச் சொல்லிவிட்டு வரத் தெரிந்தவன்.

"இருக்கும்," என்றான். "காத்து அடிச்சா நாடா எங்க வேணா போகும்." மேலே நிமிர்ந்து, "சார், போலீஸ் வேணாம், நாடாதான்," என்றான். சார் ஏமாற்றத்தோடு உள்ளே போனார்.

அப்புறம் வேலை மட்டும் நடந்தது. தம்பி கம்பியைக் கல்மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினான். கம்பியைப் பூட்டோடு பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் கவ்வி எப்போதோ விரிசல் விட்டிருந்தது. குமிழ் தானாக எழும்பியதற்கு அதுதான் காரணம். தன் பையிலிருந்து ஏதோ ஃப்ரிட்ஜின் கவ்வி ஒன்றைச் சீவிப் பொருத்தினான். குமிழை மாமா தன் பேண்ட் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அது எப்படி அங்கே வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

கதவைத் திறந்தே வைத்து, பூட்டின் நாக்கைத் திருப்புளியால் தள்ளி மூடி, குமிழை அழுத்தினான் தம்பி. நின்றது. தட்டினான், குலுக்கினான், ஆட்டினான். அப்படியே நின்றது. "மூடிப்புட்டு சோதிக்கக் கூடாது மாமா. மாட்டிக்கிட்டா திறக்க வழியிருக்காது. திறந்து வச்சுத்தான் பாக்கணும்."

பிறகு மூடினான். சாவியைத் திருப்பினான். டப்பென்று விழுந்தது. புதுக் கார் மாதிரி இல்லை. ஆனால் விழுந்தது.

டீ குடித்தார்கள். ஆறே கால் ஆயிற்று. அவனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. எழுந்துபோய்ச் சட்டையை மாற்றினான், பையை எடுத்தான். அடுப்பங்கரையில் டிபன் பாக்ஸ் கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தது. அதை வெறும் பாக்ஸாகவே பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

வாசலில் அவள் கார் சாவியைத் தம்பி கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "நீ எடுத்துட்டுப் போ. நாலு நாள் ஓட்டிப் பாரு, பூட்டு நிக்குதான்னு."

"எனக்குத்தான் பைக் இருக்கே அக்கா."

"அது இங்க நிக்கட்டும். எடுத்துட்டுப் போடா."

தம்பி போனான். திரும்பிப் பார்க்காமல் போனதற்காக அவன் தம்பிமேல் முதல் தடவையாக மரியாதை கொண்டான். கார் தெருமுனையில் திரும்பும் வரை இருவரும் நின்றார்கள்.

"எத்தனை நாளா?"

"பன்னண்டு."

"ஏன்?"

"தெரியல."

"வேற எங்கயாவது வேலைக்குச் சொல்லி வச்சிருக்கீங்களா?"

"இல்ல."

அவள் கையில் இன்னும் நாடா இருந்தது. முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். வரவில்லை.

"ஊக்கு குத்திக்கிட்டு வேலைக்குப் போனேன், தெரியுமா? பன்னண்டு மணி நேரம் நிக்கற பொம்பளை. எங்க அவுந்து விழுமோன்னு ஒரு கையால பிடிச்சுக்கிட்டே இஸ்திரி போட்டேன். கயிறு வேணும்னா கடைல வாங்கறதுக்கென்ன?"

"கைக்குக் கிடைச்சுது, எடுத்தேன்."

"கைக்குக் கிடைச்சுது." அவள் சிரிக்கவில்லை. கத்தவுமில்லை. கத்துவாள் என்றுதான் அவன் பன்னிரண்டு நாளாகத் தயாராக இருந்தான், அதற்குப் பதில்கூட இரண்டு வைத்திருந்தான். "கேக்க வேண்டியது நிறைய இருக்கு. நாளைக்குக் கேக்கறேன். இன்னிக்கு எனக்கு முடியல. பையை வச்சுட்டு உள்ள போங்க."

"இந்த நேரத்துக்குத் தூக்கம் வராது."

"வராட்டி முழிச்சுக்கிட்டு படுங்க. வீட்ல படுங்க."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். அவள் அவனுக்குப் பின்னால் வந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, சாவியையும் ஒரு சுற்று திருப்பினாள்.