நீட்டு விசில்

கிழக்கு வெளுக்கும் முன்பே அந்தக் கல்குவாரியில் சம்மட்டிச் சத்தம் தொடங்கிவிடும். ராஜகிரி மலை மேல் வெயில் ஏறுவதற்குள் உள்ளங்கை கன்றிப்போகும், மூக்கெல்லாம் கல்தூசி. வேட்டு வைக்கும்போது மட்டும் எல்லோரும் மேஸ்திரி காமராஜின் விசிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். நீட்டி ஊதினால் ஓடணும். விட்டுவிட்டு ஊதினால் பள்ளத்தில் இறங்கலாம். முதலாளி ராமகிருஷ்ணன் வைத்த சைரனை ஒருத்தரும் மதித்ததில்லை. காமராஜ் பொய்யாக ஊதமாட்டான் என்று எல்லோருக்கும் நம்பிக்கை.

கூலிக்காகக் கொடி பிடித்து ஜெயிலுக்குப் போய்வந்தவன் அவன். அவனைத்தான் தேடிப்பிடித்து முதலாளி மேஸ்திரி ஆக்கினார். உள்ளே இருந்தால் நாலு பேரையாவது காப்பாற்றலாமே என்று இவனும் போனான். அட, நல்ல எண்ணம்தான்! ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தான். அதற்குப் பதிலாக ஆட்களின் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்தான், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை லீவையும் விட்டுக்கொடுத்தான். நேற்று, மருந்து வெடிக்காத குழி இருக்கிறதா என்று பார்க்கப் போனவனை, "லாரி நிக்குது, ஊதுடா" என்று முதலாளி விரட்டினார். இவனும் இறங்கச் சொல்லி விட்டுவிட்டு ஊதினான். நம்பி இறங்கிய வீராசாமி, மிச்சமிருந்த வேட்டு வெடித்து, ஒரு கால் இல்லாமல் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

இன்று காலை முதலாளி கூப்பிட்டார்.

"போலீசு வருது. விசிலுக்கு முன்னாடியே அவன் எறங்கிட்டான்னு சொல்லு."

"நான் ஊதினப்புறம்தான் எறங்குனான், மொதலாளி."

"தெரியும்டா. நான் சொன்னா எவன் நம்புவான்? நீ சொன்னா ஊரே நம்பும். அதுக்குத்தானே உன்ன வச்சிருக்கேன்."

காமராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. பாவி, என் யோக்கியத்தையா விலைக்கு வாங்கியிருக்கிறான்!

"நீ போயிட்டா வேற ஒருத்தன் வருவான். அவன் ஹெல்மெட்டு கூட கேக்கமாட்டான். போ, ஊது, எல்லாம் எறங்கட்டும்."

இந்தப் பேச்சுக்குத்தான் இத்தனை வருஷமும் மடங்கிப்போனான். இன்றும் விசிலை எடுத்துக்கொண்டு பள்ளத்துப் பக்கம் நடந்தான்.

பள்ளத்து மேட்டில் ஆட்கள் எல்லோரும் இறங்காமல் நின்றார்கள். வீராசாமியின் பெண்சாதி பவுனம்மாள் முன்னால் வந்தாள்.

"இன்னாண்ணா, இன்னிக்கும் ஊதப் போறியா?"

"நான் உள்ள இருந்தா உங்களுக்கு நல்லதுன்னு..."

"எங்க நல்லத நாங்க கேட்டுக்கறோம். குழிய எங்காளு பாக்காம இனிமே எவரும் எறங்கமாட்டோம்."

சம்மட்டிகள் கீழே விழுந்தன. எல்லோரும் அப்படியே உட்கார்ந்தார்கள்.

போலீஸ் ஜீப் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. காமராஜ் விசிலை வாயில் வைத்தான். நீட்டி ஊதினான், மூச்சு தீருமட்டும் ஊதினான். நேற்றே ஊதியிருக்கவேண்டிய விசில்! போன கால் வரவா போகிறது?

"போலீசு கிட்ட இன்னா சொல்லுவ?" என்றாள் பவுனம்மாள்.

"நான்தான் ஊதினேன்னு சொல்லுவேன். யாரு ஊதச் சொன்னதுன்னும் சொல்லுவேன். உள்ள போட்டுருவாங்க."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"போட்டா, ஸ்டேஷன் வாசல்ல வந்து நாங்க உக்காருவோம்" என்று சொல்லிக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.