நாலாவது அடி

மதுஷிகாவின் தாடையில் கட்டியிருந்த கம்பியை வியாழக்கிழமை மாத்தளை ஆஸ்பத்திரியில் கழற்றினார்கள். ஒன்றரை மாதமாகக் கஞ்சியும் சூப்பும் ஸ்ட்ரோ வைத்து உறிஞ்சிக் குடித்தவள். இன்னும் கொஞ்ச நாளைக்கு மிருதுவான சாப்பாடுதான், கடித்து இழுக்கிற எதுவும் கூடாது என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஒனக்கு என்ன சாப்பிடணும் போல இருக்கு, சொல்லு" என்று தெரேசா கேட்டாள்.

"மீன், மாமி."

தாடையை உடைத்தது தெரேசாவின் மகன் ரொமேஷ். தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் வேலை பார்ப்பவன். ஏன் ஃபோனை எடுக்கவில்லை என்று கேட்டு, கதவு நிலையில் மனைவியின் முகத்தை மோதினான். அன்று அவளைத் திரீவீலில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனவள் தெரேசாதான். பிறகு வழக்கு வந்தது. ரொமேஷ் பிணையில் வெளியே வந்தாலும் அலுவிகாரையிலுள்ள வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டது. வீடு தெரேசாவின் பெயரில் இருந்தது. மருமகளைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் இப்போது மூன்று பெண்கள்: தெரேசா, மதுஷிகா, ரொமேஷின் தங்கை ரஜிதா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் தெரேசா சந்தைக்குள் நுழைந்தாள். திருகோணமலையிலிருந்து வந்த கொடுவா மீன் ஐஸில் கிடந்தது. நடுத்துண்டாகப் பார்த்து வாங்கினாள். வெள்ளைச் சதை, முள்ளும் பெரிது பெரிதாக இருக்கும், எடுத்துவிடலாம்.

வீட்டில் அவள் துண்டுகளைக் கழுவி, ஒவ்வொன்றையும் விரலால் தடவித் தடவி முள்ளைப் பிடுங்கினாள். மிளகாய்த் தூள் கூடாது, ஈறு எரியும். புளிப்புக்குப் போடுகிற கொறுக்காவும் வேண்டாம். வெங்காயம், கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை இலை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள். பச்சை மிளகாயைக் கீறி விதையை எடுத்துவிட்டு இரண்டே இரண்டு போட்டாள். தேங்காயின் தண்ணிப்பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டு, மீன் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இறக்கினாள். கரண்டி போடவில்லை. சட்டியைப் பிடித்து இலேசாக அசைத்துவிட்டாள்.

மதுஷிகா குசினி மேசையருகே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "மணம் வருது மாமி" என்றாள். சொல்லும்போது வாய் ஒரு பக்கம் கோணியது.

"கெட்டிப்பால் ஊத்தி, எறக்கின பொறகு தேசிக்கா புழிஞ்சா முடிஞ்சது" என்றாள் தெரேசா.

அப்போது பின்கதவை யாரோ தள்ளினார்கள். ரொமேஷ் உள்ளே வந்தான். குடித்திருக்கவில்லை. தலை சீவி, சுத்தமான சட்டை போட்டிருந்தான்.

"எனக்கும் சோறு போடும்மா" என்றான்.

"இங்க வரக்கூடாதுன்னு கோர்ட்ல சொல்லியிருக்காங்க. போயிரு, ரொமேஷ்."

"என் வீட்டுக்கு நான் வர யாரு உத்தரவு குடுக்கணும்? இவ கேஸ வாபஸ் வாங்குறேன்னு சொல்லட்டும். இப்பவே போறேன்."

மதுஷிகா எழுந்து முன்னறைப் பக்கம் நகர்ந்தாள். அவன் ஒரே எட்டில் போய் அவள் கூந்தலைச் சுருட்டிப் பிடித்தான். இன்னொரு கையால் தாடையை, சரியாக உடைந்த இடத்தைப் பார்த்து நெரித்தான்.

"இந்த வாய்தானே பொலீஸ்ல போயி பேசிச்சி?"

அவள் கத்தவில்லை. கத்த வாயைத் திறக்க முடியவில்லை. தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் மட்டும் வந்தது. குளித்துக்கொண்டிருந்த ரஜிதா சத்தம் கேட்டு ஈரத் தலையோடு ஓடிவந்தாள். "விடுண்ணே! அண்ணிய விடு!" என்று அவன் முதுகில் தொங்கினாள். அவன் தோளை உதறினான். ரஜிதா அலுமாரி விளிம்பில் போய் மோதி விழுந்தாள். நெற்றி பிளந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

மீன் வெட்டிய கத்தி பலகைமேல் கிடந்தது. ரொமேஷ் அதை எடுத்தான்.

"திரும்ப எப்பிடி ஒட்டுறாங்கன்னு பாப்பம்" என்றான். கத்தியின் முனையை மதுஷிகாவின் கன்னத்தில் வைத்து அழுத்தினான். தோல் திறந்தது.

தெரேசா தரையில் கிடந்த தேங்காய்த் துருவியைத் தூக்கினாள். கனமான பலாப்பலகை. இரும்புப் பல் தன் பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்திலும் அதைப் பார்த்துத்தான் பிடித்தாள். முதல் அடி அவன் கத்தி பிடித்த கையில் விழுந்தது. எலும்பு முறியும் சத்தம் அவளுக்குக் கேட்டது. கத்தி விழுந்தது. அவன் திரும்பித் தாயின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு நெருக்கினான். அவளுக்கு மூச்சு அடைத்தது. இரண்டாவது அடியைக் கீழாக, முழங்காலில் அடித்தாள். அவன் சாய்ந்தான். எழ முயன்றபோது தோளில் மூன்றாவது அடி. அதோடு அவன் தரையில் குப்புற விழுந்து, "அம்மா, அம்மா" என்று அழுதான்.

நாலாவது அடிக்கு அவசியம் இருக்கவில்லை. தெரேசாவுக்கு அது தெரிந்தது. ஆனாலும் ஓங்கினாள். முறிந்த அதே கையின்மேல், முழுப் பலத்தோடு அடித்தாள்.

"அம்மா, போதும்!" என்று ரஜிதா கத்தினாள்.

பக்கத்து வீட்டு சாலிஹும் அவர் மனைவி நிஷ்மியாவும் ஓடி வந்தார்கள். சாலிஹ் ரொமேஷின் முதுகில் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டு பொலிசுக்கு ஃபோன் எடுத்தார். நிஷ்மியா அடுப்பை அணைத்துவிட்டு, ரஜிதாவின் நெற்றியில் துணியை வைத்துப் பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் ரஜிதாவுக்கு நெற்றியிலும் மதுஷிகாவுக்குக் கன்னத்திலும் தையல் போட்டார்கள். தாடையைப் படம் எடுத்துப் பார்த்து, மறுபடி உடையவில்லை என்றார்கள். பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் தெரேசாவின் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார். மூன்றாவது அடியோடு பேனாவை வைக்கப் போனார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்று அவள் சிங்களத்திலேயே சொன்னாள். "அவன் விழுந்த பிறகு ஒரு தடவை அடிச்சேன். அதையும் எழுதுங்க."

"அது வேணாம் அம்மா. உங்களுக்குத்தான் பிரச்சினை வரும்."

"எழுதுங்க. நாளைக்கு அவன் சொன்னா நான் பொய்க்காரியாயிருவேன். அப்புறம் மத்தது எதையும் நம்ப மாட்டாங்க."

அவர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார்.

வீட்டுக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. தெரேசாவின் அண்ணன் சில்வெஸ்டர் வாசலில் காத்திருந்தார். செய்தி கேட்டு எஸ்டேட்டிலிருந்து வந்தவர்.

"பெத்த புள்ளைய முடமாக்கிட்டியேடி. ஊருல எப்பிடித் தலைகாட்டுறது?"

"உள்ள வாங்கண்ணே. வந்து இந்த ரெண்டு பொண்ணுங்க மூஞ்சியையும் பாத்துட்டு அப்புறம் கேளுங்க."

அவர் வாசலைத் தாண்டவில்லை. திரும்பி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

தெரேசா குசினியைக் கழுவினாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்து, சட்டியில் கெட்டிப்பாலை ஊற்றினாள். பிள்ளைகளுக்குக் காலையிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை. மீன் ஊறி இன்னும் மிருதுவாகியிருந்தது. குழையவிட்ட சோற்றில் சொதியை ஊற்றி, மீனை உதிர்த்து, இன்னொருமுறை முள் பார்த்துக் கொடுத்தாள். மதுஷிகா வலது பக்கத்தால் மட்டும் மென்றாள். கண்ணீர் தையல்மேல் வழிந்து எரிந்தது, துடைத்துக்கொண்டு மென்றாள். ரஜிதா இரண்டாம் தடவை சோறு வாங்கினாள். தெரேசா ஒரு பிடி வாயில் வைத்துப் பார்த்தாள், இறங்கவில்லை. குசினிக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு வந்து, மற்றவர்களுக்குப் பரிமாறினாள்.

வழக்கு அடுத்த வருஷம் முடிந்தது. ரொமேஷுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. எதிர்த்தரப்பு வக்கீல் நாலாவது அடியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டார். தெரேசா ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்றாள். நீதவான் அவளை எச்சரித்து விட்டுவிட்டார்.

கோர்ட் நடைபாதையில் ரொமேஷைக் கூட்டிக்கொண்டு போனபோது அவன் அவளருகே நின்றான்.

"கை இன்னமும் மடங்க மாட்டேங்குதும்மா."

"வலிக்குதா?"

"மழ நாள்ல."

அவள் அந்தக் கையைத் தொடத் தன் கையை நீட்டினாள். சிறைக்காவலர் அவனைத் தள்ளிக்கொண்டு படியிறங்கினார். மதுஷிகா பின்னால் நின்றிருந்தாள். முன்னால் வந்து மாமியாரின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள்.