பழம்பொரி வாசனை

"ஓமனா, இனிமே இந்த ரூம்ல நீங்க சாப்பாட்டப் பத்திப் பேசவே கூடாது," என்றார் டாக்டர் ஷைலஜா. எனக்குச் சுருக்கென்றது. மஞ்சள் காமாலை வந்துபோன பிறகு என் கணவர் வேலாயுதனுக்குப் பசி என்பதே இல்லை. கொடியில் காயப்போட்டது போலச் சட்டை அவர் தோளில் தொங்கியது. மனுஷன் கையை விட்டுப் போய்விடுவாரோ என்ற பயத்தில்தான் ஷொர்ணூர் பக்கத்து ஆயுர்வேத வைத்தியசாலைக்கு இழுத்து வந்தேன். வாயை மூடு என்றால் எப்படி?

டாக்டர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இங்கே காலையில் மருந்து நெய் குடிக்க வேண்டும். அது செரித்து, நெய் வாசனை இல்லாத ஏப்பம் வந்து, தானாகப் பசித்த பிறகுதான் கஞ்சி. நேற்று நான் கேட்டுக் கேட்டு நச்சரித்ததில், என் முகத்துக்காக இவர் "பசிக்குது" என்று பொய் சொல்லிவிட்டார். குடித்த கஞ்சியெல்லாம் நெய்யோடு வெளியே வந்தது. இன்றும் செரிக்காவிட்டால் சிகிச்சையை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் சுக்கு வெந்நீரை உறிஞ்சினார், நான் சுவரைப் பார்த்தேன். மதியம் தாண்டியும் ஒன்றும் நடக்கவில்லை. அங்கேயே இருந்தால் கேட்டுத் தொலைத்துவிடுவேன் என்று எதிர் டீக்கடைக்குப் போனேன். ஆத்திரத்தில் நேந்திரம்பழ பஜ்ஜியான பழம்பொரியைச் சுடச்சுடத் தின்றேன். அழுகை வந்ததே தவிர ருசி தெரியவில்லை.

திரும்பி வந்ததும் அவர் மூக்கை உறிஞ்சினார்.

"எடி, பழம்பொரி தின்னியா?"

"இல்லையே."

"புடவைத் தலைப்புல எண்ணெய் மின்னுது. எத்தன?"

"ரெண்டுதான், சேட்டா. சின்னது."

"இங்க ஒருத்தன் நெய்யக் குடிச்சிட்டு உருண்டுகிட்டுக் கெடக்கான். இவளுக்கு ரெண்டு கேக்குது."

கோபத்தில் சடக்கென்று எழுந்து உட்கார்ந்தார். நீளமாக ஒரு ஏப்பம் வந்தது.

"நெய் வாசன..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதுவும் சாப்பாட்டுப் பேச்சில் சேருமா என்று தெரியவில்லை.

"இல்லடி." வயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னை முறைத்தார். "எனக்குன்னு ஒண்ணு வாங்கிட்டு வரத் தோணலையா ஒனக்கு? பசிக்குதுடி."

நான் கேட்காமலே சொல்லிவிட்டார். வராந்தாவில் ஓடிப்போய் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். டாக்டர் சிரித்துக்கொண்டே, "பழம்பொரி கெடையாது, கஞ்சிதான்," என்று சமையலறைக்குச் சொல்லி அனுப்பினார்.

கஞ்சி வந்ததும் இவர் கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு என் பக்கம் கவிழ்த்துக் காட்டினார். "இவ்வளவுதானா? ஆள் இளைச்சுக் கெடக்கறேனே, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கத் தெரியாதா? வாய் எங்க போச்சு ஒனக்கு?"

கல்யாணமான நாளிலிருந்து இவர் திட்டி நான் சந்தோஷப்பட்டது இன்றைக்குத்தான்.