துடைச்சும் போகாத மஞ்சள்

"டேய், டப்பாவுல பேட்டரி லீக்காம்டா!" அன்வர் பாட்சா சோஃபாலேர்ந்து கத்தினப்போ பசுபதி வாயில பாதி தோசை.

2009, ஃப்ரீமான்ட், சனிக்கிழமை காலை. ரிசெஷன்ல வேலை போய், அபார்ட்மென்ட்டைக் காலி பண்ணி, பொண்டாட்டி ரோஷன் பேகத்தையும் குழந்தையையும் ஆம்பூருக்கு முன்னாடியே அனுப்பிட்டு, அன்வர் பசுபதி வீட்டு சோஃபாலதான் படுத்துக்கிட்டு இருந்தான். அவன் இன்னும் ஃப்ளைட் ஏறாததுக்கு ஒரே காரணம் அந்த டப்பா.

டப்பான்னா சாட்டிலைட். ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சது, ரசப்பொடி டப்பா சைஸ். மேல போய் பீப் பீப்னு கத்தணும், அவ்ளோதான் அதோட வேலை. பெரிய நாட்டு ராக்கெட்ல இடம் கேட்டா யாரும் திரும்பிக்கூடப் பார்க்கல. அப்போதான் பசிபிக்ல ஒரு குட்டித் தீவு நாடு, மொத்த ஜனத்தையும் தீபாவளி சமயத்து டி.நகர்ல விட்டா தொலைஞ்சே போயிடுவாங்க, அவங்க கடலோரமா சொந்தமா லாஞ்ச் பேட் கட்டி, முதல் ராக்கெட்ல உங்களை மாதிரி ஆளுங்களுக்கும் இடம் இருக்குன்னாங்க. பர்மிட் வேலையெல்லாம் ஹாம் ரேடியோ கிளப்காரங்க பார்த்துக்கிட்டாங்க.

என்ன வருஷம்டா அதெல்லாம்! கிச்சன் டேபிளைச் சுத்தி ஷவர் கர்ட்டனைத் தொங்கவிட்டு, அதுதான் தூசி புகாத கிளீன் ரூம். உள்ளே வந்தா கிளவுஸ், தலைக்குக் கேப். எண்ணெய்ப் புகை படும்னு வேலை நடக்கற நாள்ல தாளிக்கவே கூடாதுன்னு பசுபதி சட்டம் போட்டிருந்தான். வாராவாரம் தயிர்சாதம், ஊறுகாய். "என் வீட்ல கடுகு பொரிக்க நான் விசா வாங்கணும் போல"ன்னு பசுபதி பொண்டாட்டி நாகலக்ஷ்மி சொல்ல, கர்ட்டனுக்குள்ளேர்ந்து பசுபதி "ரிஜெக்டட்"னு கத்துவான். அன்வர் ஸ்க்ரூடிரைவரைக் கீழ வெச்சிட்டு சிரிப்பான். ஊருக்குக் கிளம்பற நேரத்துல அவனுக்கு அந்த ஊறுகாய் வாசனைதான் ஞாபகத்துல நின்னுச்சு.

லீக்னு அன்னிக்குக் காலைல இமெயில் அனுப்பினது தீவுல டப்பாவைச் செக் பண்ற மெலேன்னு ஒரு பொண்ணு. பேட்டரி பக்கத்துத் தகட்டுல சிவப்பா, வட்டமா ஒரு கறை. லீக்னா ஏத்த மாட்டோம், லீக் இல்லைன்னா என்னன்னு உடனே சொல்லுங்க, இன்னிக்கு சாயங்காலம் ராக்கெட்டை மூடிடுவோம்னு போட்டிருந்தா. கூடவே போட்டோ.

அன்வர் போட்டோவைப் பெருசு பண்ணினான். அப்புறம் மெதுவா நாகலக்ஷ்மியைப் பார்த்தான். "ஏம்மா... இது பொட்டும்மா."

"என்னை ஏன்ணா பார்க்கறீங்க? தாளிக்கவே விடாத மனுஷன் வீட்ல நான் பொட்டு வைப்பேனா?"

பசுபதி தோசையை மென்னுக்கிட்டே இருந்தான். காது சிவந்திருந்துச்சு.

"பசு?"

"பேக் பண்றப்போ நீ டேப் எடுக்கக் கீழ போனேல்ல... லேசாத்தான்டா வெச்சேன்."

"கிளவுஸ் போட்டுத்தானே வெச்சே?" நாகலக்ஷ்மி கேட்டா. அவன் மோதிர விரலை மடக்கி மறைச்சுக்கிட்டான்.

"அது ஆகாசத்துல தூளா கிளம்பி பக்கத்து சாட்டிலைட் கேமராவுல ஒட்டும்னு எங்களுக்குக் கிளாஸ் எடுத்தது யாருடா?" அன்வருக்குக் கோவம் வந்துச்சு. மூணு வருஷ வேலை.

"தெரியும்டா. அதுவும் போகுது, நீயும் போறே. உன் நெத்தியில வெச்சா சிரிப்பே. அதான் அதுக்கு வெச்சேன்." பசுபதி தட்டையே பார்த்துட்டு இருந்தான். "பெயிண்ட்னு எழுதிடலாமா?"

"பெயிண்ட்னா டெஸ்ட் ரிப்போர்ட் கேப்பா. தள்ளு."

அன்வர் உள்ளதை உள்ளபடி டைப் பண்ணினான். சந்தனம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த குங்குமம். பேட்டரி நல்லா இருக்கு. தூரமா போறவங்களுக்கு எங்க ஊர்ல இப்படி வைப்பாங்க, என் ஃப்ரெண்ட் வெச்சிட்டான், தயவுசெஞ்சு துடைச்சிடுங்க. அனுப்பிட்டு மூணு பேரும் ஸ்க்ரீனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்தாங்க. தோசை ஆறிப்போச்சு.

மத்தியானத்துக்கு மேல மெலே பதில் போட்டா. வோல்டேஜ் செக் பண்ணியாச்சு, லீக் இல்லை. துடைச்சிட்டேன். எங்கப்பா ராக்கெட் டவருக்குப் பூமாலை கட்டியிருந்தார், அதையும் எடுக்கச் சொல்லிட்டாங்க. மாலையும் உங்க கறை துடைச்ச பஞ்சும் இப்போ வேலிக்கு வெளியில ஒண்ணா இருக்கு. ஒரு விஷயம். சிவப்பு போயிடுச்சு, மஞ்சள் மட்டும் எவ்வளவு தேய்ச்சாலும் போகல. தூள் எதுவும் இல்லை, அதனால ஏத்தறோம்.

"அலுமினியத்துல இறங்கிடுச்சுடா"ன்னான் அன்வர். பசுபதி முகத்தைத் திருப்பிக்கிட்டான்.

அஞ்சாறு நாள் கழிச்சு ராக்கெட் கிளம்பினதை லேப்டாப்ல பார்த்தாங்க. ஆரஞ்சு வெளிச்சம், அப்புறம் வெறும் பஃபரிங். மேல போய்ச் சேர்ந்துடுச்சுன்னு மெலே ஒரு வரி அனுப்பினா. டப்பாவுக்கு உயிர் இருக்கான்னு அது கத்தினாத்தான் தெரியும்.

மறுநாள் அன்வருக்கு ஃப்ளைட். ராக்கெட் கிளம்பின அன்னிக்கு சாயங்காலமே டப்பா ஃப்ரீமான்ட் மேல போகற நேரம் பார்த்து லேக் எலிஸபெத்துக்குப் போனாங்க. பிளாஸ்டிக் பைப்புல இஞ்ச் டேப்பை வெட்டி ஒட்டின ஆன்டெனா, கைக்கு அடக்கமா ஒரு ரேடியோ. நாகலக்ஷ்மி புளியோதரை கொண்டுவந்திருந்தா. "கடுகு, கடலை, வரமிளகா, எல்லாம் தாளிச்சிருக்கேன். இன்னிக்கு யாரும் சட்டம் பேசக்கூடாது."

"வர நேரமாச்சுடா, மேற்கால பிடி!"ன்னான் பசுபதி. அன்வர் புளியோதரை சாப்பிட்ட கையைக்கூடத் துடைக்காம ஆன்டெனாவைத் தூக்கினான். ரேடியோவுல இரைச்சல். மெதுவா, ரொம்ப மெதுவா, வானத்துல யாரோ நடந்து போறவங்களைக் கூடவே பார்க்கற மாதிரி ஆன்டெனாவைத் திருப்பினான். இரைச்சல்தான். பசுபதி ரேடியோவைக் காதோட ஒட்டி வெச்சுக் கண்ணை மூடிக்கிட்டான்.

வெள்ளைப் பைப்புல அன்வரோட கட்டைவிரல் பட்ட இடத்துல மஞ்சளா ஒரு வட்டம் விழுந்திருந்துச்சு. அவன் அதைப் பார்த்தான். துடைக்கல. இன்னும் கொஞ்சம் உசத்திப் பிடிச்சான்.