காகிதப் பிடரி

அந்த மழலையர் பள்ளி ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. ஒரு பெரிய கூடத்தை நடுவில் பிளைவுட் தடுப்பு வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் பெரிய டீச்சரின் வகுப்பு, அந்தப் பக்கம் புது டீச்சரின் வகுப்பு. பெரிய டீச்சர் அங்கே பதினான்கு வருஷமாக வேலை பார்க்கிறாள். எந்தப் பிள்ளை தூங்கி எழுந்ததும் அழும், எது கிரேயானைக் கடிக்கும், எது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு அதுதான் சரி என்று சாதிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. புது டீச்சர் வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து டமடமவென்று சத்தம் கேட்டது. பெரிய டீச்சர் எட்டிப் பார்த்தாள். புது டீச்சர் காலி பிஸ்கட் டின்னைத் தட்டிக்கொண்டிருந்தாள். தரையில் சுவருக்குச் சுவர் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. அதுதான் கயிறு. அதன் மேல் ஒரு சின்னப் பெண் பொம்மைக் குடையைப் பிடித்துக்கொண்டு, கீழே நூறடி பள்ளம் இருப்பதுபோல அடி மேல் அடி வைத்து நடந்தாள். ஒரு வளையத்தைச் சுற்றிலும் ஆரஞ்சு நிறக் காகிதத்தைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அது நெருப்பு. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியில் ஒரு ஜன்னல் வெட்டி டிக்கெட் கவுன்டர் செய்திருந்தார்கள். முட்டை அட்டையை வெட்டிச் சிவப்பு பெயின்ட் அடித்த மூக்கோடு ஆறு கோமாளிகள் மெத்தை மேல் உருண்டார்கள்.

"இந்த வாரம் முழுக்க சர்க்கஸ்தான்க்கா," என்றாள் புது டீச்சர், மூச்சு வாங்க. "வெள்ளிக்கிழமை அப்பா அம்மாவெல்லாம் வந்து பாப்பாங்க. உங்க பிள்ளைங்களையும் மத்தியானம் அனுப்புங்களேன். மேடம் சரின்னுட்டாங்க."

"மேடம்கிட்ட கேட்டாச்சா அதுக்குள்ள?"

"நேத்தே போன்ல கேட்டுட்டேன்."

"நல்லது," என்றாள் பெரிய டீச்சர். "டேப்ப உரிக்கும்போது தரையில பசை ஒட்டும். பாத்துக்கோம்மா."

தன் இடத்துக்கு வந்து மணி கோக்கும் டப்பாவைத் திறந்தாள். பிள்ளைகள் கையில் நூல் இருந்தது, கண் தடுப்பின் மேல் இருந்தது. ஒருவன் சிவப்பு மணியை மூக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினான்கு வருஷத்தில் யாரும் மணியை மூக்கில் வைத்ததில்லை.

மத்தியானம் அனுப்பத்தான் வேண்டியிருந்தது. போனவர்கள் திரும்பி வரவில்லை, கூப்பிட்டுத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. மாலையில் வாசலில் நின்று டாட்டா சொல்லும்போது, எந்தப் பிள்ளை முதலில் தன் பக்கம் திரும்புகிறது, எது புது டீச்சர் பக்கம் திரும்புகிறது என்று தன்னையறியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சீ, இதென்ன புத்தி என்று தோன்றியது. மறுநாளும் பார்த்தாள்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். குண்டுமணி விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

குண்டுமணி என்பது பெரிய டீச்சரின் வகுப்பில் இருந்த ஒரு பெண்ணின் கண்களைப் பார்த்துப் பள்ளி ஆயாம்மா வைத்த பெயர். நாலு வயது. வீட்டில் வாய் ஓயாது என்று அவள் அம்மா சொல்வாள். பள்ளி வாசல்படி ஏறினால் உதடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வேண்டுமென்றால் பாட்டிலைக் காட்டுவாள், பாத்ரூம் போக வேண்டுமென்றால் கதவருகே போய் நிற்பாள். சேர்ந்து ஏழு மாதத்தில் ஒரு சொல் பேசியதில்லை. பெரிய டீச்சர் அவசரப்படவில்லை. தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் கால் மணி நேரம் அவளோடு ஜன்னலோரம் உட்கார்ந்து படஅட்டைகளை அடுக்குவாள். "இது யானை," என்று தானே சொல்வாள், "சொல்லு" என்று கேட்க மாட்டாள். கேட்டால் இன்னும் உள்ளே போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தாள். 'இன்று என் விரலைப் பிடித்தாள்.' 'இன்று வாத்து அட்டையைப் பார்த்துச் சிரித்தாள்.' என்றைக்காவது ஒருநாள் அந்த ஜன்னலோரத்தில், தன் காதில்தான் அந்தப் பேச்சு முதலில் விழும் என்று நம்பியிருந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் பசை பாட்டில் வாங்க அந்தப் பக்கம் போனாள். பேப்பர் தட்டின் நடுவில் முகம் தெரியும்படி வட்டமாக வெட்டி, சுற்றிலும் பழுப்புக் காகிதத்தை நீள நீளமாக ஒட்டிப் பிடரிமயிர் செய்திருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டு டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் ஒரு சிங்கம் நின்றது. கோமாளி ஒருவன் டிக்கெட் இல்லாமல் உள்ளே நுழையப் பார்த்தான். சிங்கம் வாயைத் திறந்து உறுமியது. சின்ன உறுமல்தான், தொண்டை காய்ந்தவர் இருமுவதுபோல. பிறகு தெளிவாகச் சொன்னது.

"டிக்கெட் இருந்தாத்தான் விடுவேன்."

குண்டுமணி.

புது டீச்சரின் கை ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. ஆனால் அவள் கை தட்டவில்லை, ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. "சரிங்க சிங்கம்," என்று சொல்லி ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்துக் கோமாளியிடம் நீட்டினாள். விளையாட்டு அதன் பாட்டுக்கு நடந்தது. அப்படித்தான் செய்ய வேண்டும். பெரிய டீச்சரும் அதைத்தான் செய்திருப்பாள். அவள் சரியாகச் செய்ததே இவளுக்கு இன்னும் எரிந்தது.

பசை பாட்டிலை எடுக்காமலே பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். ஏழு மாதம். அவளோ மூன்று நாளில், பேப்பர் தட்டை வைத்துக்கொண்டு.

சாயங்காலம் குண்டுமணியின் அம்மா மருந்துக்கடை வேலை முடிந்து கோட்டோடு ஓடி வந்தாள். பிள்ளை பேசிய சமாச்சாரத்தை ஆயாம்மா கேட்டிலேயே போட்டு உடைத்திருந்தாள். அம்மா நேராகப் பெரிய டீச்சரிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது.

"உங்களாலதான் டீச்சர். எனக்குத் தெரியும். நீங்க பட்ட பாடு இருக்கே."

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. பத்தடி தள்ளிப் புது டீச்சர் மெத்தைகளை மடித்துக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது.

"ஏழு மாசமா விடாம உக்காந்தேன்ல," என்றாள் பெரிய டீச்சர். "வீண் போகல."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மொத்தமும் பொய். மெத்தையை மடித்த கை கொஞ்சம் நின்று, பிறகு மடித்தது.

வியாழக்கிழமை காலை அவள் செய்ததுதான் பெரிய தப்பு. சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டால் போதும் என்று தோன்றியது. மற்ற பிள்ளைகள் வருவதற்குள் குண்டுமணியை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். அட்டைகளை எடுக்கவில்லை.

"நேத்து சிங்கம் பேசுச்சே. டீச்சர்கிட்டயும் ஒரே ஒரு வார்த்தை சொல்லு பாப்போம்."

குண்டுமணி தரையைப் பார்த்தாள்.

"அந்த டீச்சர்கிட்ட மட்டும் பேசுவியா? எங்கிட்ட பேச மாட்டியா? நான் என்னடா பண்ணேன் உன்ன?"

கேட்கும்போதே தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள். "ஒரே வார்த்தை. யானைன்னு சொல்லு, போதும்."

குண்டுமணியின் உதடு உள்ளே மடங்கியது. கண் நிறையவில்லை, முகம் சுளிக்கவில்லை. சும்மா மூடிக்கொண்டது, கடைக்கு ஷட்டர் இறங்குகிற மாதிரி.

அன்று மத்தியானம் சிங்கம் வரவில்லை. பிடரியை நீட்டினால் தலையை ஆட்டிவிட்டு, டிக்கெட் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"காலைல ஏதாவது நடந்துச்சாக்கா?" என்று புது டீச்சர் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லையே. பிள்ளைங்கன்னா அப்படித்தான், ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அம்மாக்களும் அப்பாக்களும் குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். குண்டுமணியின் அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு முதல் வரிசையில் இருந்தாள். மடியில் போன், விரல் அதன் மேல். மகள் அட்டைப் பெட்டிக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அம்மா பெட்டியைப் பார்ப்பதும் பெரிய டீச்சரைப் பார்த்துச் சிரிப்பதுமாக இருந்தாள். உங்களை நம்பித்தான் வந்திருக்கிறேன் என்கிற சிரிப்பு. அதைப் பெரிய டீச்சரால் தாங்க முடியவில்லை.

தடுப்புக்குப் பின்னால் புது டீச்சரை இழுத்தாள்.

"நான்தான் கெடுத்தேன். நேத்து காலைல அவள உக்கார வெச்சு, பேசு பேசுன்னு நெருக்கினேன். தாடையைப் பிடிச்சு."

புது டீச்சர் கையில் பிடரி இருந்தது. "நீங்களாக்கா?" என்றாள். "கேக்கக் கூடாதுன்னு எனக்குச் சொன்னதே நீங்கதானே."

"ஆமா."

"அப்புறம் ஏன்?"

பெரிய டீச்சருக்குச் சொல்ல நாலு காரணம் இருந்தது. நாலையும் விட்டுவிட்டாள். "பொறாமை," என்றாள். "வேற ஒண்ணும் இல்ல."

அவள் உருகிவிடுவாள், பரவாயில்லக்கா என்பாள் என்று உள்ளுக்குள் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. புது டீச்சர் உருகவில்லை.

"புதன்கிழமை அந்தம்மாகிட்ட நீங்க சொன்னதும் என் காதுல விழுந்துச்சு. எனக்கு ராத்திரி சாப்பாடே இறங்கல. போகட்டும், அத அப்புறம் பாப்போம். இப்ப நீங்க இங்கயே இருங்க. அவ கண்ணுல படாதீங்க."

"சரி."

"முடியற வரைக்கும்."

"சரின்னேன்ல."

இப்படியாகப் பெரிய டீச்சர் அந்த சர்க்கஸைப் பார்க்கவில்லை. தன் வகுப்பில், தன் நாற்காலியில், தடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். டின் முழங்கியது. குடைக்காரி நடந்து முடித்ததும் கைதட்டல். மெத்தையில் யாரோ பொத்தென்று விழுந்தார்கள், சிரிப்பு. பிறகு புது டீச்சரின் குரல் தணிந்து ஏதோ சொன்னது. அதன் பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அப்புறம் ஒரு பிள்ளைக் குரல் ஏதோ சொன்னது, கூட்டம் சிரித்தது.

அது குண்டுமணியா? பெரிய டீச்சருக்குத் தெரியவில்லை. ஏழு மாதம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவள் கேட்டது ஒரே ஒரு வாக்கியம். அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று இப்போது யாராவது கேட்டால் அவளால் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் இருக்கிற முப்பது பேருக்கும் தெரியும். அவள் எழுந்து தடுப்பில் காதை வைத்தாள். அதற்குள் டின் மறுபடியும் முழங்கத் தொடங்கியிருந்தது.

முடிந்ததும் குண்டுமணியின் அம்மா தேடிக்கொண்டு வந்தாள். "கேட்டீங்களா டீச்சர்? ரெண்டு தடவை உறுமிட்டு டிக்கெட் காட்டுங்கன்னா. அவ அப்பாவையே உள்ள விடல."

"உக்காருங்க," என்றாள் பெரிய டீச்சர். "நான் ஒண்ணு சொல்லணும். அவள பேச வெச்சது நான் இல்ல. அந்த டீச்சர். அன்னிக்கே சொல்லியிருக்கணும், மனசு வரல. நேத்து அவ வாயை அடைச்சதுதான் நான்."

நடந்ததை முழுக்கச் சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். முகத்திலிருந்த சந்தோஷம் போகவில்லை, ஆனால் இவளை விட்டு விலகி எங்கோ போய் நின்றுகொண்டது.

"இனிமே தொட்டு நிமிர்த்தாதீங்க," என்றாள் கடைசியில்.

"மாட்டேன்."

அம்மா எழுந்து அந்தப் பக்கம் போனாள். தடுப்பின் ஓரத்தில் நின்று பெரிய டீச்சர் பார்த்தாள். புதன்கிழமை தன் கையைப் பிடித்த மாதிரியே, அதே இரண்டு கையாலும், அவள் புது டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். லேசாகவில்லை. அதே இடத்தில் அதேபோல எரிந்தது. ஒன்றுதான் வித்தியாசம், இப்போது அதற்காக யார் மேலும் கோபப்பட வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து இரண்டு டீச்சர்களும் வேலைக்குத் தேவையான அளவு பேசிக்கொண்டார்கள். குண்டுமணி பிடரியைக் கழற்ற மறுத்தாள். பிடரி இருந்தால் பேச்சு வரும், இல்லையென்றால் இல்லை. புது டீச்சர் கிழிந்த இடத்தையெல்லாம் ஒட்டிக் கொடுத்தாள். பெரிய டீச்சர் ஒருநாள் கேட்காமலே தடிமனான அட்டையில் அதற்கு முதுகு வெட்டித் தந்தாள். "நல்லா நிக்குதுக்கா," என்றாள் புது டீச்சர். அவ்வளவுதான், ஆனால் 'அக்கா' திரும்பி வந்திருந்தது. ஜன்னலோரக் கால் மணி நேரமும் மறுபடி தொடங்கியது. ஒரு வாரம் குண்டுமணி கைக்கெட்டாத தூரத்தில் உட்கார்ந்தாள். பிறகு கொஞ்சம் கிட்டே வந்தாள். சிங்க முகத்தோடு அட்டைகளை அடுக்கினாள். பெரிய டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை. சிங்கமும் ஒன்றும் சொல்லவில்லை.

பிடரி இல்லாமல் அவள் யாரிடம் முதலில் பேசுவாள் என்று இரண்டு பேருமே உள்ளுக்குள் காத்திருந்தார்கள். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் இருவருக்கும் தெரியும்.

மூன்றாவது வாரம் ஒரு நாள், சாப்பாட்டு நேரம். தடுப்பை ஓரமாகத் தள்ளி எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்திருந்தார்கள். பிடரி ஆணியில் தொங்கியது. ஆயாம்மா குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குண்டுமணி காலி பாட்டிலால் அவள் முதுகில் தட்டினாள்.

"ஆயாம்மா, தண்ணி."

ஆயாம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கை ஈரமா இருக்குல்ல, இரு," என்று சொல்லிவிட்டு, துணியைப் பிழிந்து போட்டு, பாட்டிலை நிரப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் துடைக்கக் குனிந்தாள்.

கூடத்தின் இரு பக்கத்திலிருந்தும் இரண்டு டீச்சர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். புது டீச்சரின் முகம் போன போக்கைப் பார்த்ததும் பெரிய டீச்சருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ நாளாகத் தன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த முகம் அது.

"வலிக்குதா?" என்று கேட்டாள்.

"லேசாக்கா," என்றாள் புது டீச்சர்.

பெரிய டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. புது டீச்சரும் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆயாம்மா நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து, இந்த இரண்டுக்கும் என்ன வந்தது என்பதுபோலப் பார்த்தாள்.